பர்மா எண்ணெய்க்குப் பாகூர்ப் புண்ணாக்கு

வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கியபோது என்னிடம் ஒரு துணிமூட்டையும் மூன்று தகர டின்களும் இருந்தன. ஒன்றில் கச்சா எண்ணெய், இன்னொன்றில் எண்ணெய் ஊறிய மணல், மூன்றாவதில் உப்புத் தண்ணீர். மூன்றும் பர்மாவில் ஐராவதிக் கரையில் பூமிக்கடியிலிருந்து எடுத்தவை. அங்கே ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பரிசோதனைச் சாலையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிறந்தது திண்டிவனத்துப் பக்கம் என்றாலும் பிரெஞ்சுக்காரர் மண்ணில் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.

சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய் ஒருவர் டின்களை முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டேஷன் குமாஸ்தாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ பதில் சொன்னார். பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த வெற்றிலை வியாபாரி எனக்குப் பெயர்த்துச் சொன்னார். "நாத்தத்தப் பார்த்தா வெடிமருந்து மாதிரி இருக்குதுன்னு சிப்பாய் சொல்றாரு. ஆளப் பார்த்தா மூட்டுவலித் தைலம் விக்கிறவனாட்டம் தெரியுதுன்னு குமாஸ்தா சொல்றாரு." குமாஸ்தாவின் கட்சியே ஜெயித்தது. என்னைப் போகச் சொன்னார்கள்.

நான் தேடி வந்தது ரொசாலி அம்மாளை. ஊருக்கு மேற்கே தென்னந்தோப்பை ஒட்டி ஒரு நீளமான கீற்றுக் கொட்டகை. அதில் ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் காய்ச்சுகிறார். புதுச்சேரித் துறைமுகத்துக் கப்பல்காரர்கள் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். மற்றச் சவுக்காரம் கடல் தண்ணீரில் நுரைக்காது, இது நுரைக்கும். ரங்கூன் துறையில் ஒரு மாலுமி இதைப் போட்டுக் கடல் தண்ணீரில் குளிப்பதை நான் பார்த்தேன். பார்த்ததை எங்கள் துரையிடம் சொன்னேன். அதனால்தான் இந்தப் பயணம்.

ரொசாலி அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைவரை சவுக்காரக் குழம்பு தெறித்த பழைய தழும்புகள். கொப்பரையைக் கிண்டிக்கொண்டே என் கதையைக் கேட்டார்.

எண்ணெய்க் கிணறு என்றால் பூமிக்குள் எண்ணெய் குளம்போலத் தேங்கியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது மணற்பாறைதான். எண்ணெய் அந்த மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிணறு புதிதாக இருக்கும்போது தானாகப் பீறிடும். பிறகு பம்பு வைத்து இறைக்க வேண்டும். அதற்கும் பிறகு பம்பில் வெறும் உப்புத் தண்ணீர்தான் வரும். அப்போதும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் மணலை விடாமல் கீழேயே தங்கிவிடும். ஒரு கிணற்றில் சவுக்காரத் தண்ணீரை இறக்கினால் அது மணலைக் கழுவி, எண்ணெயைப் பக்கத்துக் கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு போகும் என்பது துரையின் எண்ணம். சவுக்காரத்துக்கு ஒரு கை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு கை தண்ணீரைப் பிடிக்கும் என்று அவர் சொல்லுவார்.

"சட்டியில ஒட்டுன எண்ணெயக் கழுவுற மாதிரிதான?" என்றார் ரொசாலி அம்மாள்.

"அதேதான். ஆனால் சட்டி அரை மைல் ஆழத்தில் இருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. "கழுவாட்டி இன்னா ஆவும்?"

அதையும் சொன்னேன். எங்கள் எண்ணெய் வயலில் கிணறுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். ஒரு கிணறு மூடினால் அதில் வேலை பார்த்த எட்டுப் பத்துத் தமிழர்களுக்கு ஊர் திரும்பக் கப்பல் சீட்டு கொடுத்துவிடுவார்கள். அங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்குத் திரும்புவதற்கு எந்த ஊர்? ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களின் அடுத்த பட்டியலில் என் மைத்துனன் பெயர் இருப்பதாகக் கேள்வி. வீட்டுக் கூரைக்குக் கீற்று மாற்றுவதைக்கூட அவன் நிறுத்தி வைத்திருக்கிறான்.

"நாளைக்குக் காலையில வாங்க பர்மாக்காரரே. பண்ணிப் பார்க்கலாம்" என்றார்.

அன்று கடைத்தெருவில் பிரெஞ்சு ரொட்டியும் வஞ்சிரமீன் குழம்பும் சாப்பிட்டேன். கையால் பிய்த்தால் மொறுமொறுவென்று உடைகிற அந்த ரொட்டி, புளிக்குழம்பில் தோய்த்ததும் அடங்கிப் போகிறது. பர்மாவில் எந்தச் சாப்பாட்டிலும் ஙாப்பி என்கிற மீன்விழுதின் வாசனை எட்டிப் பார்க்கும். பதினான்கு வருஷத்தில் அது இல்லாத மீன்குழம்பு அன்றுதான் வாய்த்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை கொட்டகையில் பரிசோதனையை ஆரம்பித்தேன். துணிமூட்டையில் கொண்டுவந்த நீளமான கண்ணாடிக் குழாயில் எண்ணெய் மணலை இறுக்கி நிரப்பி நிமிர்த்தி வைத்தேன். எங்கள் வயலின் உப்புத் தண்ணீரில் ரொசாலி அம்மாளின் சவுக்காரத்தைக் கரைத்து மேலே ஊற்றினேன். அது கீழே இறங்க, குழாயின் அடியில் கருப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் துடுப்பைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நான் அன்றே துரைக்குத் தந்தி கொடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் வாசகம் கூடக் கோத்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. குழாயைத் தட்டினேன், சாய்த்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே கம்பி விட்டு மணலை எடுத்துப் பார்த்தால் திரிந்த பால்போல வெள்ளைக் கட்டிகள் மணலின் சந்துகளையெல்லாம் அடைத்திருந்தன.

ரொசாலி அம்மாள் ஒரு கட்டியை விரலில் நசுக்கிப் பார்த்தார். உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினார். "இது கடல் தண்ணி இல்ல. இதுல உப்போட சுண்ணாம்பும் கலந்திருக்குது. உப்ப எங்க சவுக்காரம் தாங்கும், சுண்ணாம்பத் தாங்காது."

பரிசோதனைச் சாலையில் பதினான்கு வருஷம் இருந்தவன் நான். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பது எனக்குத் தெரியும். கடலில் நுரைத்ததைக் கண்ட சந்தோஷத்தில் அதைச் சீர்தூக்காமல் வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"பாகூர்ப் பக்கம் ஒரு ஊர் இருக்குது" என்று அவரே தொடர்ந்தார். "அங்க எல்லாம் இந்தச் சுண்ணாம்புத் தண்ணிதான். நாலு தடவ கொண்டுபோயிக் காட்டினேன், ஒரு கட்டி விக்கல. கையிலயே திரிஞ்சி போவுது. அந்த ஊர்ப் பொம்பளைங்க எண்ணெ தேச்சிக்னு தலைமுழுவ இலுப்பப் புண்ணாக்கத்தான் இடிச்சி வெச்சிருக்காங்க. அதே தண்ணியில அது சும்மா நுரைச்சிக்னு வருது. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

மூன்றாம் நாள் அவருடைய மாட்டுவண்டியில் கிளம்பினோம். அவர் வர வேண்டிய அவசியமில்லை என்றேன். "என் சரக்கு தோத்துப் போனதப் பார்த்துட்டேன். ஜெயிக்கிறது எதுன்னு பார்க்க வேணாமா?" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் டின்னைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். அங்கேயே உடனே சோதித்துவிடலாம் என்று சொல்லி மூன்று டின்களையும், துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாயையும் ஏற்றினேன்.

ஆற்றைத் தாண்டித் தெற்கே போகிற அந்தப் பாதைபோல ஒரு பாதையை நான் எங்கும் கண்டதில்லை. பிரெஞ்சு மண்ணில் புறப்பட்டு, நடுவில் இங்கிலீஷ்காரர் மண்ணில் கொஞ்ச தூரம் போய், மறுபடி பிரெஞ்சு மண்ணில் ஏறுகிறது. வண்டியோட்டி கோவிந்துதான் எனக்கு எல்லைகளைக் காட்டினார். "இந்தப் பனை இங்கிலீஷ்காரன்து. அந்தப் பனை பிரெஞ்சுக்காரன்து. கள்ளு ரெண்டுலயும் ஒண்ணுதான்." மாடுகள் எந்த எல்லையிலும் நிற்கவில்லை. பர்மாவில் எங்கள் கம்பெனி நிலத்துக்கும் பக்கத்துக் கம்பெனி நிலத்துக்கும் நடுவே முள்வேலி போட்டு ஆளும் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே ஒரு வரப்பு.

பாகூர் ஏரி கண்ணில் படும்போது உச்சிவெயில். ஏரியைச் சுற்றிக்கொண்டு நாங்கள் தேடிய ஊருக்குள் நுழைகையில் பாதை ஓரத்தில் ஓர் அதிசயம். தரையில் நட்ட இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வாய்க்காலில் ஓடுகிறது. பம்பு இல்லை, ஏற்றம் இல்லை, ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆழத் துளை போட்டு இறக்கிய ஊற்றுக்குழாய் என்றார் கோவிந்து. பூமிக்கடியிலிருந்து எதையாவது மேலே கொண்டுவருவதே பிழைப்பாக உள்ளவன் நான். வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் கடையாணி கழன்றது. சக்கரம் தனியே ஓட, வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. ரொசாலி அம்மாள் என் மேல் விழுந்தார். எண்ணெய் டின் உருண்டு, மூடி பிதுங்கி, வாய்க்காலில் தலைகுப்புறக் கிடந்தது. எங்கள் எண்ணெய் காலையில் உறைந்த நெய்போல இருக்கும். உச்சிவெயிலில் தண்ணீராக ஓடும். டின்னை நான் தூக்குவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது.

வாய்க்காலின் கோடியில் பச்சைப்பசேலென்று ஒரு நாற்றங்கால் இருந்தது.

மண்வெட்டியோடு ஒருவர் ஓடிவந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கருப்பு எண்ணெயைப் பார்த்ததும் வாய்க்கால் கரையை வெட்டி, தண்ணீரைப் பக்கத்துத் தரிசுக் குட்டைக்குத் திருப்பினார். அதற்கு முன்பே நாற்றங்காலின் மேல் மூலைக்குள் எண்ணெய் புகுந்துவிட்டது. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா ஊத்துன?"

அவர் பெயர் வேலாயுதம். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். அந்த நாற்றங்கால்தான் அந்த வருஷத்து நடவு முழுவதும். நாற்று போனால் மறுபடி விதைக்க விதையும் இல்லை, பருவமும் இல்லை.

"குழாயைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க முடியுமா?" என்றேன்.

"அது ராவும் பகலும் ஓடுற தண்ணி. மூடறதுக்கு மூடி இல்ல."

தண்ணீர் ஓட ஓட வாய்க்கால் மணலில் ஒட்டிய எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து படலம் படலமாகப் போனது. குட்டை நிரம்பினால் ஏரிக்கு வழியும். தண்ணீரை நாற்றங்காலுக்கே திருப்பினால் எண்ணெயும் சேர்ந்து போகும். திருப்பாவிட்டால் அந்த வெயிலில் நாற்று காயும். எண்ணெயை மணலிலிருந்து கழற்றுவதுதான் என் தொழில் என்றும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். வண்டியில் இருந்த சவுக்காரக் கட்டிகளைக் கரைக்கப் போனேன்.

"இந்தத் தண்ணியிலயா?" என்றார் ரொசாலி அம்மாள்.

எனக்குக் காது கேட்டது, புத்திக்கு எட்டவில்லை. இரண்டு குடம் கரைத்து ஊற்றினேன். முந்தின நாள் குழாயில் கண்டதே வாய்க்காலிலும் நடந்தது. திரிந்த கட்டிகள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு, தார் உருண்டைகளாக மணலில் அப்பிக்கொண்டன. மூன்றாவது குடத்தை நான் தூக்கியபோது வேலாயுதம் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"போதும்பா. நீ படிச்சவன், சரி. கொஞ்சம் தள்ளி நில்லு."

நான் தள்ளி நின்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சொல்லுக்கு அவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்ததில்லை.

ரொசாலி அம்மாள் அவரிடம் பேசினார். "அண்ணே, உங்க வூட்ல இலுப்பப் புண்ணாக்கு இருக்குதா?"

"எருவுக்கு ரெண்டு மூட்ட போட்டிருக்குது. இன்னாத்துக்கு?"

"வைக்கோல் போட்டு மேலாப்ல இருக்கிற எண்ணெய முதல்ல ஒத்தி எடுத்துடலாம். அப்புறம் புண்ணாக்குத் தண்ணி வுட்டு மணலக் கழுவலாம். வயலுக்குப் போடறதுதான, பயிருக்கு ஒண்ணும் பண்ணாது."

"பயிருக்குப் பண்ணாது. ஏரிக்குப் போனா மீனு செத்து மெதக்கும்" என்றார் வேலாயுதம். சொல்லிவிட்டு, குட்டையின் கீழ்ப்பக்கக் கரையை உயர்த்த ஆரம்பித்தார். சம்மதம் என்று புரிந்துகொண்டோம். நானும் கோவிந்தும் வைக்கோல் பிரியை வாய்க்காலில் போட்டு மிதித்து, எண்ணெய் ஊறியதை வாரி வாரிக் கரையில் எறிந்தோம். வேலாயுதத்தின் மனைவி சின்னப்பொண்ணு புண்ணாக்கை இடித்துப் பானைகளில் ஊறப்போட்டார். கையால் அடித்ததும் நுரை பானையின் விளிம்பைத் தாண்டி வந்தது. அதே ஊற்றுக்குழாய்த் தண்ணீர்தான்.

ஊற்றி, காலால் மணலைக் கலக்கினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணலிலிருந்து எண்ணெய் இழை இழையாகக் கழன்றது. இழை பொடிந்து துளியாகி, துளி இன்னும் பொடிந்து, தண்ணீர் பால்விட்ட காபி நிறத்துக்கு மாறிக் குட்டைக்கு ஓடியது. துரை கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியதை நான் என் கணுக்காலில் உணர்ந்தேன். மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நாற்றங்காலின் மூலையில் சின்னப்பொண்ணு ஒவ்வொரு கொத்தாகப் புண்ணாக்குத் தண்ணீர் தெளித்து, நல்ல தண்ணீரால் அலசினார். அவர் எண்ணெய்த் தலையை அலசுகிற அதே கைப்பழக்கம்.

வெயில் தாழும்போது வாய்க்கால் தண்ணீரில் படலம் இல்லை. வேலாயுதம் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, கரையை மூடி, தண்ணீரை நாற்றங்காலுக்குத் திருப்பினார்.

"பொழைக்குமா?" என்றேன்.

"அஞ்சு நாள் ஆவும் தெரிய. இருந்து பார்த்துட்டுப் போறதா இருந்தா இரு."

என் கப்பல் அதற்கு முன்பே, நான்காம் நாள் புறப்படுகிறது. போய்விட்டால் என்னைத் தேடி யாரும் பர்மாவுக்கு வரப்போவதில்லை. இருந்தேன். ரொசாலி அம்மாள் மட்டும் கொப்பரையைக் கவனிக்க வில்லியனூர் திரும்பினார்.

அந்த ஐந்து நாளும் காலையில் கம்பங்கூழ், சுட்ட நெத்திலிக் கருவாடு. மதியம் ஏரி விரால். சின்னப்பொண்ணு, "பர்மாவுல அரிசி மலையாட்டம் குவிஞ்சி கிடக்குதாமே, அத்த வுட்டுட்டு எங்க கூழுக்கு வந்தீங்களே" என்று இரண்டு வேளையும் சொல்லிக்கொண்டே ஊற்றினார். இரண்டாம் நாள் அந்த மூலை மஞ்சளடித்தது. மூன்றாம் நாள் சில கொத்துகள் கருகிச் சாய்ந்தன. வேலாயுதம் அவற்றைப் பிடுங்கி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

சும்மா உட்கார முடியாமல், மிஞ்சிய டின்களைக் கொண்டு அவருடைய மாட்டுக் கொட்டிலில் கண்ணாடிக் குழாயை நிறுத்தினேன். எங்கள் உப்புத் தண்ணீரில் இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டி, மணல் மேல் ஊற்றினேன். அடைக்கவில்லை. பகல் முழுவதும் சொட்டிக்கொண்டே இருந்தது. ரொசாலி அம்மாளின் சவுக்காரத்தில் வந்ததைப்போல மூன்று பங்கு வந்தது. கழனியிலிருந்து வந்த வேலாயுதம் அடியில் இருந்த கிண்ணத்தை எடுத்து ஆட்டிப் பார்த்தார். எண்ணெயும் தண்ணீரும் கலந்த பழுப்புப் பால் பிரியாமல் அப்படியே இருந்தது.

"மண்ணுகிட்டேர்ந்து எண்ணெயப் பிரிச்சிட்ட. இப்போ தண்ணிகிட்டேர்ந்து எப்படிப் பிரிப்ப?"

துரையும் நானும் பேசிய எந்த நாளிலும் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு நீ சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார். அதில் கோபம் இல்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் அவரே வந்து கூப்பிட்டார். மஞ்சளடித்த கொத்துகளின் நடுவில் ஊசி ஊசியாகப் புதுக் குருத்து. "ஒரு மூணு முடி நாத்து போச்சு. மத்தது தேறிடும்" என்றார். நான் சேற்றில் இறங்கி, குனிந்து, ஒவ்வொரு கொத்தாகப் பார்த்துக்கொண்டே போனேன். கரையில் நின்று அவர் சிரித்தது கேட்டது.

புண்ணாக்கு மூட்டையோடும் ஒரு பானைப் பழுப்புப் பாலோடும் வில்லியனூர் திரும்பினேன். வேலாயுதத்தின் கேள்வியைச் சொன்னதும் ரொசாலி அம்மாள் பானையை வாங்கிச் சின்னக் கொப்பரையில் ஊற்றி அடுப்பை மூட்டினார். "எங்களுக்குக் குழம்பு பிரியலன்னா சூடுதான் காட்டுவோம்." கொதிக்கவிடாமல் அரை நாள் வைத்திருந்தார். மேலே எண்ணெய் மெல்ல ஏறி நின்றது. அகப்பையால் வழித்து எடுத்தோம்.

எல்லையில் இங்கிலீஷ் சுங்கக்காரர் மூட்டைக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். பட்டோ சாராயமோ அகப்படாததில் அவருக்கு மனவருத்தம். "புண்ணாக்கா? பர்மாவுல மாடே இல்லையா?" என்றார். எண்ணெய்க் கிணற்றுக்கு என்று உண்மையைச் சொன்னேன். ஏமாற்றுகிறேன் என்று நினைத்து மறுபடியும் குத்தினார்.

பர்மாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் அறிக்கையில் சவுக்காரம் தோற்றதையும், வாய்க்காலில் நான் எண்ணெயைக் கொட்டியதையும், ரொசாலி அம்மாள், சின்னப்பொண்ணு, வேலாயுதம் மூவர் பெயரையும் மறைக்காமல் எழுதினேன். துரை இரண்டு முறை படித்தார். பிறகு புண்ணாக்கு தருவித்தார். மூடிப்போட்ட இரண்டு கிணறுகளில் இலுப்பைத் தண்ணீரை இறக்கினோம். ஒன்றில் வாரக்கணக்கில் காத்திருந்தும் எதுவும் இல்லை. மணலே அத்தனையையும் குடித்துவிட்டது என்று துரை சொன்னார். அவர் நினைத்த அளவு எண்ணெய் கடைசிவரை வரவில்லை.

இரண்டாவது கிணற்றின் பக்கத்துக் கிணற்றில் ஒரு நாள் காலை பம்பின் சத்தம் மாறியது. வெறும் உப்புத் தண்ணீரே வந்துகொண்டிருந்த குழாயில் பழுப்புப் பால் வந்தது. அதைத் தொட்டியில் விட்டு நீராவிக் குழாயால் சூடு காட்டினோம். மாலைக்குள் கருப்பு எண்ணெய் மேலே ஒரு சாண் ஏறி நின்றது. வால்வைத் திறந்தது என் மைத்துனன். அவன் பெயர் பட்டியலில் இருந்தது அவனுக்குத் தெரியும். தொட்டிக்குள் விரலை விட்டு, எண்ணெயை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"கூரைக்கு இந்த வருஷம் கீத்து மாத்திடலாம் மாமா" என்றான்.